மிச்சமாகும் யூனிட்டுகள் எங்கே போகின்றன?

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் மின்மோட்டாரைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-ல் வெளிவந்தது. நூல் கிடைக்காத நெசவாளரின் பசி தமிழ் நாவலுக்குள் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த நூலை நூற்ற ஆலையின் சங்கொலி, கூலித் தகராறு, கதவடைப்பு ஆகியவையும் நம் புனைவில் ஓரளவு இடம் பெற்றுவிட்டன. ஆனால் ஆலையின் கணக்குப் பிள்ளை மாதந்தோறும் பெருமூச்சுடன் பிரிக்கும் மின்கட்டணப் பட்டியல் மட்டும் நம் எழுத்தின் எல்லைக்கு வெளியிலேயே நிற்கிறது. ஒரு நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெருஞ்செலவுகளில் ஒன்று மின்சாரம். பல ஆலைகளில் அது ஆட்கூலியைத் தாண்டிவிட்டது. தொழிலாளியின் கூலி உயருமா, ஆலை அடுத்த ஆண்டும் ஓடுமா, மேட்டூரிலும் எண்ணூரிலும் புகைபோக்கிகள் எவ்வளவு கக்கும் என்ற மூன்று கேள்விகளுமே அந்த ஒற்றைத் தாளில் கூடுகின்றன. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பொறியாளர்கள் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை.

சிக்கனமான இயந்திரம் வாங்கு, செலவும் குறையும், பூமியும் பிழைக்கும் என்பது இன்று எல்லா விற்பனைப் பிரதிநிதிகளும் ஓதும் மந்திரம். அரசு விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. இந்த மந்திரத்தின் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. அப்படியிருந்தும் ஏன் அது நடப்பதில்லை என்பதே அங்குள்ள கேள்வி. இரண்டாம் பாதி தானாக உண்மையாவதில்லை. அது உண்மையாக வேண்டுமானால் நாம் வேறு சிலவற்றையும் செய்தாக வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

* * *

முதலில் கணக்கு. முப்பத்தேழு கிலோவாட், அதாவது ஐம்பது குதிரைத்திறன் கொண்ட ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். கோவை வட்டாரத்தின் நூற்பாலைகளில் இது சர்வசாதாரணமான அளவு. சர்வதேசத் தரநிலை மோட்டார்களை ஐஇ-1 முதல் ஐஇ-4 வரை வகைப்படுத்துகிறது. இந்த அளவுள்ள நான்கு துருவ மோட்டாருக்கு ஐஇ-1 வகையில் திறன் 91.2 சதவீதம், ஐஇ-3 வகையில் 93.9 சதவீதம். வித்தியாசம் மூன்று சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் நூற்பாலை இரவு பகலாக ஓடுவது. ஆண்டுக்கு எட்டாயிரம் மணி நேரம் முழுச்சுமையில் ஓடினால், பழைய மோட்டார் விழுங்கும் மின்சாரம் ஏறக்குறைய 3,24,500 யூனிட். புதியது அதைவிட 9,300 யூனிட் குறைவாக எடுத்துக்கொள்ளும். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு முக்கால் லட்சம் மிச்சம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்தின் பின்னால் சராசரியாக 0.7 கிலோ கரியமிலவாயு நிற்கிறது. எனவே ஆண்டுக்கு ஆறரை டன் அளவுக்கு அதுவும் குறையும்.

இன்னொரு விதமாகப் பார்த்தால் செய்தி தெளிவாகும். அந்த மோட்டாரின் விலை ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது ஓராண்டில் எரிக்கும் மின்சாரத்தின் விலை இருபத்தாறு லட்சம். அதாவது, மூன்றே வாரத்தில் தன் விலையை மின்கட்டணமாக விழுங்கிவிடும் ஒரு பொருளை வாங்கும்போது, நாம் பேரம் பேசுவதோ அதன் விலையில் ஐந்து சதவீதம் தள்ளுபடிக்கு. யானை வாங்குகிறவன் யானையின் விலையை மட்டும் விசாரித்துவிட்டுத் தீனியைப் பற்றி வாய் திறக்காமல் வருவது போன்றது இது.

மோட்டாரோடு இது முடிவதில்லை. மோட்டாரை மாற்றுவதால் வருவது இதில் சிறு பங்குதான். நூற்பாலைக் கூடத்தில் ஈரப்பதம் ஐம்பத்தைந்து அறுபது சதவீதம் இருந்தால்தான் இழை அறாமல் ஓடும். அதற்கென்று பெரும் மின்விசிறிகள் சதா சுழல்கின்றன. ஐப்பசி மழையில் காற்றே நனைந்து கிடக்கும்போதும் அவை சித்திரை வெயிலில் சுழன்ற அதே வேகத்தில் சுழல்வதைப் பல ஆலைகளில் பார்க்கலாம். காற்று அதிகமானால் வழியில் ஒரு தட்டியை வைத்து அடைப்பார்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே பிரேக்கையும் மிதித்து வண்டி ஓட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. விசிறிக்குத் தேவையான மின்திறன் அதன் வேகத்தின் மும்மடியாக ஏறி இறங்குவது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி எடுத்துக்கொள்ளும் சிறு இழப்பைக் கழித்த பிறகும் இது பெரும் லாபம். அலுமினிய இறக்கைகளுக்குப் பதிலாகக் கண்ணாடி இழை இறக்கைகள், எடை குறைந்த கதிர்கள் என்று நூற்பாலைகள் கண்டறிந்த சிக்கன வழிகள் வேறு பலவும் உண்டு.

அழுத்தக் காற்றையும் சொல்ல வேண்டும். தொழிற்கூடத்தில் மிக விலை உயர்ந்த ஆற்றல் அதுதான். கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது. குழாயில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று, ஏழு பார் அழுத்தத்தில், ஏறத்தாழ மூன்று கிலோவாட் மின்சாரத்தைச் சீறிக்கொண்டே வெளியேற்றும். ஆண்டுக் கணக்கில் அது இருபத்துநாலாயிரம் யூனிட். மேலே சொன்ன புதிய மோட்டார் மிச்சப்படுத்துவதைப்போல் இரண்டரை மடங்கு. இதை அடைக்க இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலை நின்றிருக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு ஒருவர் குழாய் வழியே நடந்தால் போதும். சிக்கனம் என்பது கடையில் வாங்கும் பொருள் என்ற எண்ணமே இந்தச் சீற்றொலி நம் காதில் விழாமல் செய்கிறது.

கடைசியில் மிச்சமாகும் ஒன்று தொடக்கத்தில் பலவாகப் பெருகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அனல்மின் நிலையத்தில் நூறு பங்கு வெப்பம் தரும் நிலக்கரியை எரித்தால் மின்சாரமாவது முப்பத்தைந்து பங்கு அளவுக்கு. கம்பி வழியே வந்து சேர்வது முப்பது. மோட்டாரில் கொஞ்சம், விசிறியில் கொஞ்சம், அடைத்து வைத்த தட்டியில் கொஞ்சம் என்று போய், கூடத்துக்குள் காற்றாக வந்து சேர்வது பத்துப் பங்கு இருந்தால் அதிகம். ஆகவே கூடத்தில் தேவையற்ற ஒரு பங்கு காற்றைக் குறைத்தால் சுரங்கத்தில் பத்துப் பங்கு நிலக்கரி வெட்டப்படாமல் கிடக்கும். சூழலியல் அக்கறை உள்ளவர்கள் ஆலையின் புகைபோக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிராமல் அதன் விசிறி அறைக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

* * *

சரி, இவ்வளவு எளிய கணக்கு ஏன் நடைமுறையில் தோற்கிறது? தொழில் நடத்துகிறவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கொங்கு நாட்டுத் தொழில்முனைவோரைப் பார்த்து அப்படிச் சொல்கிறவரை அந்த ஊர் எள்ளி நகையாடும். 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் முடிந்து மலையிலிருந்து மின்சாரம் இறங்கியபோது, அதைக் கொண்டு ஆலை மேல் ஆலையாக எழுப்பிய ஊர் அது. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் அதுவே என்று சொல்லப்படுகிறது. மோட்டாரின் நாடித்துடிப்பு தெரிந்த ஊரில் மோட்டாரின் தீனி தெரியாமல் போகாது.

காரணம் வேறிடத்தில் இருக்கிறது. மோட்டார் பெரும்பாலும் நள்ளிரவில் புகைகிறது. விடிவதற்குள் இயந்திரம் ஓடியாக வேண்டும். புதிய உயர்திறன் மோட்டார் வாங்க வேண்டுமானால் விலைப்புள்ளி, ஒப்புதல், முன்பணம், காத்திருப்பு. தெருமுனையிலுள்ள வைண்டிங் கடைக்காரரோ காலைக்குள் காயில் கட்டித் தந்துவிடுவார், புது மோட்டாரின் விலையில் ஒரு சிறு பங்குக்கு. முதலாளி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஐயமே வேண்டாம். ஓடாத இயந்திரத்தின் திறன் பூஜ்யம் என்பது அவருடைய கணக்கு, அதுவும் சரியான கணக்கே. அதே மோட்டார் மூன்று, நான்கு முறை காயில் கட்டப்படும். அவசரத்தில் பழைய காயிலை நெருப்பு வைத்து எரித்து எடுக்கும்போது உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளின் காப்புப் பூச்சும் கருகுகிறது; ஒவ்வொரு முறையும் திறனில் ஓரிரு சதவீதம் போகிறது. இங்கே வைண்டிங் கடைக்காரரைக் குற்றவாளியாக்கிப் பேசும் பொறியியல் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தி, அளவான கம்பியால், முன்பிருந்த சுற்றுகளைப் பிசகாமல் கட்டினால் இழப்பு பெரிதாக இருக்காது. அவருக்குக் கட்டுப்பாடான அடுப்பு ஒன்றும், தகட்டின் இழப்பை அளக்கும் கருவி ஒன்றும் கிடைக்கச் செய்வது, அவர் கடையை மூட வைப்பதைவிடச் சிக்கனமானது, நியாயமானதும்கூட.

அடுத்தது, வாங்குகிறவர் ஒருவராகவும் கட்டணம் கட்டுகிறவர் இன்னொருவராகவும் இருப்பது. பெரிய ஆலையில் கொள்முதல் அதிகாரி விலையைக் குறைத்து வாங்கியதற்காகப் பாராட்டப்படுகிறார். மின்கட்டணம் உயர்ந்ததற்கு அவரை யாரும் கேட்பதில்லை. திருப்பூரில் வாடகைக் கூடத்தில் ஜாப் ஒர்க் செய்கிறவர், நாளை காலி செய்யக்கூடிய இடத்தில் ஐந்தாண்டில் பலன் தரும் மாற்றத்தை ஏன் செய்யப்போகிறார்? கட்டட உரிமையாளருக்கோ கட்டணம் தன்னுடையதில்லை.

மூன்றாவது, கட்டணப் பட்டியலின் அமைப்பு. 2022 செப்டம்பரில் தமிழகத்தில் மின்கட்டணம் உயர்த்தப்பட்டபோது யூனிட் விலையோடு நிலைக்கட்டணமும் உயர்ந்தது. 2023 செப்டம்பரில் சிறு, குறு தொழில் அமைப்புகள் கதவடைத்துப் போராடியபோது அவர்களின் முதன்மையான கோரிக்கைகள் நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் பற்றியவை. மின்வாரியத்தின் கடன்சுமையும் நாம் அறிந்ததே. ஆனால் பட்டியலில் அசையாத பகுதி பெருகப் பெருக, அசையும் பகுதியைக் குறைக்கும் ஊக்கம் சுருங்கும். யூனிட்டைக் குறைத்தவரும் குறைக்காதவரும் கிட்டத்தட்ட ஒரே தொகை கட்டுவார்களானால், சிக்கனம் என்பது வெறும் நற்பண்பாக எஞ்சிவிடும். நற்பண்பை நம்பித் தொழிற்கொள்கை வகுக்க முடியாது.

இதன் உச்சத்தைக் காண வயல்வெளிக்குப் போக வேண்டும். கோவை செய்யும் பம்புசெட்டுகள் இந்தியா முழுதும் போகின்றன. தமிழகத்திலேயே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. 1990 முதல் அவற்றுக்கு மின்சாரம் இலவசம். கட்டணமில்லாத இடத்தில் விவசாயி எந்த மோட்டாரைத் தேடுவார்? மின்னழுத்தம் தாழ்ந்தாலும் புகையாமல் தாக்குப்பிடிக்கும் முரட்டு மோட்டாரைத்தான் தேடுவார். அவர் நிலையில் அதுவே அறிவான தேர்வு. இலவச மின்சாரத்தின் அரசியல் நியாயங்களை நான் இங்கே விவாதிக்கவில்லை. இயந்திரத்தின் திறனைத் தீர்மானிப்பது பொறியாளரின் மேசை மட்டுமில்லை, கட்டணப் பட்டியலும்தான் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடையாது என்பதால் சொல்கிறேன்.

* * *

இந்தச் சிக்கல்கள் நமக்கு மட்டும் உரியவை அல்ல, புதியவையும் அல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளீயமும் செம்புமாக விளைந்த சுரங்கங்களில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைக்க நியூகொமென் வகை நீராவி இயந்திரங்கள் இருந்தன. ஆனால் அவை நிலக்கரியைத் தின்று தீர்த்தன. கார்ன்வாலிலோ நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஜேம்ஸ் வாட் 1765-ல் கண்டறிந்து 1769-ல் காப்புரிமை பெற்ற தனிக் குளிர்விப்பான், எரிபொருளைப் பாதிக்கும் கீழே குறைத்தது. அதை விற்க வாட்டும் அவருடைய கூட்டாளி மேத்யூ போல்டனும் கையாண்ட முறை இன்றைக்கும் வியப்பளிப்பது. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கை எங்களுக்குத் தாருங்கள் என்றார்கள். இயந்திரம் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ணும் சிறு கருவியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்து உத்தரத்தில் பொருத்தினார்கள். சேமிப்பிலிருந்து கட்டணம் பெறும் எரிசக்திச் சேவை நிறுவனம் என்று இன்று புதுமையாகப் பேசப்படுவதன் மூதாதை அந்தப் பூட்டிய பெட்டிதான்.

நடந்தது என்ன? சில ஆண்டுகளில் சுரங்க முதலாளிகளுக்குக் கசப்பு தட்டியது. தங்கள் மிச்சத்தில் வெளியூரார் ஏன் பங்கு கேட்க வேண்டும் என்றார்கள். பணம் தர மறுத்தார்கள், போட்டிப் பொறியாளர்களை அமர்த்தினார்கள், வழக்குகள் நூற்றாண்டின் இறுதிவரை நீண்டன. 1800-ல் காப்புரிமை முடிந்து போல்டன்-வாட்டின் ஆட்கள் வெளியேறிய பிறகு, கவனிப்பார் இன்றி இயந்திரங்களின் திறன் சரியத் தொடங்கியது. இயந்திரம் அதே இயந்திரம்தான். அதை அளப்பவர் போய்விட்டார், அவ்வளவே.

அதன் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் வருகிறது. 1811-ல் சுரங்க மேலாளர்கள் சிலர் கூடி, ஜோயல் லீன் என்பவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்கள். ஒவ்வோர் இயந்திரமும் ஒரு புஷல் நிலக்கரிக்கு எத்தனை பவுண்டு நீரை ஓர் அடி உயர்த்துகிறது என்று மாதந்தோறும் அளந்து, சுரங்கத்தின் பெயரோடும் பொறியாளரின் பெயரோடும் அச்சிட்டு வெளியிட வேண்டும். அவ்வளவுதான். பரிசில்லை, தண்டனையில்லை. ஆனால் தன் இயந்திரம் பட்டியலின் அடியில் கிடப்பதை எந்தப் பொறியாளர் பொறுப்பார்? ஒருவர் கொதிகலனுக்குச் சட்டை போட்டது போல் காப்புறை போர்த்தினால் மறுமாதம் ஊரே போர்த்தியது. ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் உயரழுத்த இயந்திரம் காப்புரிமைத் தடையின்றிப் பரவியது. தொடக்கத்தில் சராசரியாக ஒன்றே முக்கால் கோடி பவுண்டு அளவில் இருந்த எண், 1840-களில் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது. ஒரே ஒரு மேதையின் கண்டுபிடிப்பால் இது நிகழவில்லை. பலபேர் செய்த சிறுசிறு திருத்தங்கள் அனைவர் கண்ணிலும் பட்டதால் நிகழ்ந்தது.

நம் ஊரில் இதற்கு இணையான ஒன்று இல்லாமல் இல்லை. 1956-ல் கோவையில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சுருக்கமாகச் 'சிட்ரா', ஆலைகளுக்கிடையேயான ஒப்பீட்டு ஆய்வுகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கிறது. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்ற அளவு, நூலின் நம்பருக்கு ஏற்பத் திருத்தப்பட்டு, ஆலை மேலாளர்களின் பேச்சில் 'யுகேஜி' என்று புழங்குகிறது. கருவி கையில் இருக்கிறது என்று பொருள். அது ஆலைகளின் அலமாரிக்குள் இருக்கிறதே தவிர ஊரார் கண்ணில் படுவதில்லை. ஆலையின் பெயரோடும் பொறுப்பாளரின் பெயரோடும் அது மாதந்தோறும் அச்சாகட்டும். தொழில் ரகசியம் போய்விடும் என்பார்கள். கார்ன்வால் சுரங்கங்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டவையே.

* * *

இதுவரை சொன்னது செலவுக் கணக்கு. மந்திரத்தின் இரண்டாம் பாதிக்கு வருவோம். ஆலை மிச்சப்படுத்திய 9,300 யூனிட் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். 1865-ல் 'நிலக்கரிப் பிரச்சினை' என்ற நூலை அவர் வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. சிக்கனமாக எரித்தால் நிலக்கரி நீண்டநாள் வரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஜெவன்ஸ் ஸ்காட்லாந்தின் இரும்புத் தொழிலைக் காட்டினார். சூடேற்றிய காற்றை உலைக்குள் செலுத்தும் முறை வந்தபிறகு ஒரு டன் இரும்புக்கான நிலக்கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1830-க்கும் 1863-க்கும் இடையில் அத்தொழில் எரித்த மொத்த நிலக்கரி பத்து மடங்கானது. இரும்பு மலிந்தது, மலிந்ததால் பெருகியது. சிக்கனம் தன் மிச்சத்தைத் தானே தின்றது.

ஜெவன்ஸின் இந்த முரணைச் சொல்லிவிட்டு, ஆகவே சிக்கனத்தால் பயனில்லை என்று கைகழுவும் ஒரு தரப்பு உண்டு. அது சோம்பேறித்தனமான முடிவு. எல்லாச் சிக்கனமும் முழுதாகத் திரும்பத் தின்னப்படுவதில்லை. குண்டு பல்பை மாற்றி எல்இடி போட்ட வீட்டுக்காரர், மிச்சத்துக்காக ஆறு மடங்கு விளக்கெரிக்கப் போவதில்லை. மேலும், இந்தியரின் தலைக்கான மின்நுகர்வு இன்னும் உலகச் சராசரியில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆலை விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணின் அறையில், மிச்சமான மின்சாரத்தால் ஒரு விசிறி சுழன்றால், அதை மீள்நுகர்வுத் தீங்கு என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அது நியாயமான பங்கீடு.

எதிர்த்தரப்பின் மழுப்பலையும் ஏற்க முடியாது. மிச்சமான பணம் கூடுதல் கதிர்களாகி, கூடுதல் கதிர்கள் கூடுதல் நூலாகி, அது சில வாரங்களே உடுத்தி எறியப்படும் மலிவு பனியன்களாகிக் கப்பலேறினால், ஆலையின் கிலோ ஒன்றுக்கான யூனிட் குறைந்திருக்கும், வானத்தில் கரி கூடியிருக்கும். ஆண்டறிக்கையில் முதல் எண் மட்டும் பச்சை மையில் அச்சாகும். செலவுச் சிக்கனமும் சூழல் காப்பும் இருவேறு பேரேடுகள். ஒன்றின் வரவை இன்னொன்றின் வரவாக எழுதுவதைக் கணக்குப் பிள்ளைகள் வேறு பெயரால் அழைப்பார்கள்.

காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலிலும் உடுமலைப் பக்கத்திலும் சுழலும் காற்றாலைகளில் கணிசமானவை ஜவுளி ஆலைகளுக்குச் சொந்தம். பெருமைக்குரிய செயல் இது. ஆனால் விரைவுத் தேய்மானம் என்ற வருமானவரிச் சலுகையின் பலத்தில் கோடிகளைக் காற்றாலையில் போட்ட அதே நிர்வாகம், சில லட்சங்களை விசிறி அறையில் போடத் தயங்கியதும் நடந்தது. காற்றாலை நெடுஞ்சாலையிலிருந்து தெரியும், காலண்டரில் படமாகும். அடைக்கப்பட்ட காற்றுக் கசிவை யார் படம் பிடிப்பார்கள்? தூய மின்சாரம் என்பதாலேயே வீணடிக்க உரிமை வந்துவிடாது. ஆலை வீணாக்கும் ஒரு யூனிட் காற்று மின்சாரம், வேறோர் இடத்தில் ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தியிருக்கக்கூடும்.

* * *

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. 2002-ல் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2006-ல் குளிர்பதனப் பெட்டிகளில் நட்சத்திரங்கள் முளைத்தன. 2015-ல் தொடங்கிய 'உஜாலா' திட்டம் ஒரு பாடப்புத்தகச் சான்று. மொத்தமாக வாங்கியதால் எல்இடி பல்பின் கொள்முதல் விலை 2014-ல் 310 ரூபாயிலிருந்து 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. ஆனால் பல்பு எந்த ஹோல்டரிலும் பொருந்தும்; மோட்டார் அப்படியில்லை. அடித்தளத் துளை, தண்டின் விட்டம், உயரம் எல்லாம் ஒத்து வர வேண்டும். ஆகவே மொத்தக் கொள்முதல் நாடு தழுவி நடப்பதைவிட, ஒரே வகை இயந்திரங்கள் அருகருகே ஓடும் திருப்பூர், ஈரோடு, பல்லடம் போன்ற ஊர்களில் தொழில் சங்கங்கள் வழியே நடப்பதே பயன்தரும். அங்கே ஒரு பொதுக் கிடங்கில் உயர்திறன் மோட்டார்கள் தயாராக இருந்தால், நள்ளிரவில் புகைந்த மோட்டாருக்கு விடியுமுன் மாற்று கிடைக்கும். வைண்டிங் கடைக்கும் முதலாளியின் அவசரத்துக்கும் இடையில் இன்று இல்லாத மூன்றாவது வழி அதுதான்.

பெரிய ஆலைகளுக்கு 2012 முதல் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜவுளி உட்பட எட்டுத் துறைகளில் 478 ஆலைகளுக்கு இலக்கு குறிக்கப்பட்டது. இலக்கைத் தாண்டியவர் சான்றிதழை விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். 2023-ல் அறிவிக்கப்பட்ட கரிமச் சந்தைத் திட்டம் அதே பாதையின் நீட்சி. இவ்விரண்டிலும் இலக்கு என்பது உற்பத்தி ஒன்றுக்கு இவ்வளவு என்பதே. மொத்தம் இவ்வளவுதான் என்ற வரம்பு இல்லை. ஜெவன்ஸ் இன்று இருந்தால் இந்த வரியின் கீழ் கோடிட்டிருப்பார். வளரும் நாடு உடனே மொத்த வரம்பை ஏற்க முடியாது என்ற வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் என்றைக்கு ஏற்போம் என்ற ஆண்டையாவது தொழில்துறை வாரியாக எழுதி வைக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வோர் ஆண்டும் நாம் திறனில் வென்று மொத்தத்தில் தோற்றுக்கொண்டே இருப்போம்.

ஆகவே நான் வேண்டுவது நான்கு. ஒவ்வோர் ஆலையும் உற்பத்தி அலகுக்கான யூனிட்டையும், மொத்த யூனிட்டையும், இரண்டையும் சேர்த்தே, பெயரோடு வெளியிட வேண்டும்; ஒன்றை மட்டும் வெளியிடும் ஆண்டறிக்கையை நாம் நம்பக்கூடாது. மின்கட்டணம் உயரத்தான் வேண்டுமென்றால், குறைத்தவருக்குப் பலன் தெரியும்படி உயர வேண்டும். சிறு தொழிற்கூடங்களுக்கு மானிய அறிவிப்பைவிட முதலில் தேவை, மாற்று மோட்டார் இருக்கும் கிடங்கும், முறையாகப் பயிற்சி பெற்ற வைண்டிங் கடையும். கடைசியாக, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு தொழிலாளியின் கைக்குப் போக வேண்டும். வாட்டும் போல்டனும் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். குழாய் வழியே நடந்து கசிவைக் காதால் கண்டுபிடிப்பவர், விசிறியின் வேகத்தை மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாற்றுபவர், அறுந்த இழையைச் சேர்க்கும்போதே கதிரின் அதிர்வை உணர்ந்து சொல்பவர் எல்லாம் அந்தத் தொழிலாளிதான். அவருக்கு அதில் பங்கில்லையென்றால், 1800-க்குப் பிந்தைய கார்ன்வாலைப் போல, வாங்கி வைத்த உயர்ந்த இயந்திரமும் மெல்ல மெல்லப் பழைய இயந்திரமாகிவிடும்.

வாசகர்களில் ஆலைகளில் பணிபுரிவோர் பலர் உண்டு என்பதை அறிவேன். உங்கள் ஆலையின் கிலோ ஒன்றுக்கான யூனிட் பத்தாண்டுகளில் எவ்வளவு குறைந்தது, மொத்த யூனிட் எவ்வளவு கூடியது என்ற இரண்டு எண்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். நம் விவாதத்தை அங்கிருந்து தொடரலாம்.